குட்டி யானை டிபன் வண்டியில் இன்வெர்ட்டர்: ஃபியூஸ் எங்கே, ஒயர் எவ்வளவு தடிமன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குட்டி யானை வண்டியில் மாலை நேர டிபன் கடை நடத்துகிறீர்கள். சட்னி அரைக்க ஒரு 750 வாட் மிக்ஸி, மூன்று எல்இடி விளக்குகள், கைப்பேசி சார்ஜர் ஆகியவற்றுக்காக 12 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதனுடன் வந்த ஒயரை நீட்டி வண்டியின் பின்பக்கம்வரை கொண்டுபோகலாமா, இன்வெர்ட்டருக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும்போது தனியாக இன்னொன்று எதற்கு, இப்போதிருக்கும் பேட்டரியே போதுமா என்று கேட்கிறீர்கள். ஒயரை நீட்டக் கூடாது, தனி ஃபியூஸ் கட்டாயம் வேண்டும், பேட்டரி பெரும்பாலும் போதாது. இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்பதால் அதை முதலில் விளக்குகிறேன்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் அந்தப் பக்கத்தை அலட்சியமாகவும், 230 வோல்ட் பக்கத்தை மட்டும் பயத்தோடும் அணுகுவது வழக்கமாகிவிட்டது. வண்டியில் தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகமாக இருப்பது 12 வோல்ட் பக்கத்தில்தான். வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூடியே தீர வேண்டும். 1000 வாட்டை 230 வோல்ட்டில் எடுத்தால் ஏறத்தாழ 4.3 ஆம்பியர்தான். அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கும்போது, இன்வெர்ட்டரின் திறன் 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 98 ஆம்பியர் ஆகிறது. மின் பாரம் ஏறப் பேட்டரியின் வோல்ட் இறங்கும். இன்வெர்ட்டரோ அதே வாட்டைக் கொடுப்பதற்காக இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். 10.5 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் 112 ஆம்பியர் ஓடும். வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் சுவிட்சில்கூட நாம் பார்க்காத அளவு இது. ஆகவே இந்த வேலையை ஒரு விளக்குக்கு இணைப்பு கொடுக்கும் வேலையாகக் கருதாமல், செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிளுக்குச் சமமான வேலையாகக் கருத வேண்டும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் ஃபியூஸ் பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 20 ஆம்பியருக்குள் இருக்கும். 100 அல்லது 120 வாட்டுக்குள் அடங்கும் சிறிய சாதனங்களுக்கு மட்டுமே அது பயன்படும். மிக்ஸிக்கு ஆகாது. அந்த ஃபியூஸ் போகிறதே என்று 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு; டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஒயர் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல.

இனி ஃபியூஸ். இன்வெர்ட்டருக்குள் வரிசையாக இருக்கும் பிளேடு ஃபியூஸ்கள், உள்ளே ஏதாவது பழுதானாலோ பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலோ சேதத்தைக் கட்டுப்படுத்துவதற்காக வைக்கப்பட்டவை. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர்வரை ஓடும் ஒயருக்கு அவற்றால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்த ஒயர் சேஸியின் ஓரத்தில் உரசி உரசித் தோல் கிழிந்து இரும்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து புறப்பட்டு, உரசிய இடத்தில் பாடிக்குள் இறங்கி, மைனஸ் வழியாகப் பேட்டரிக்கே திரும்பிவிடும். இன்வெர்ட்டர் அந்தப் பாதையிலேயே இல்லை. நல்ல நிலையிலுள்ள ஒரு வண்டிப் பேட்டரி, நேரடி ஷார்ட்டில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல்கூடக் கொடுக்கும். சில நொடிகளில் ஒயரின் மேல்தோல் உருகி எரியத் தொடங்கும். இன்வெர்ட்டரின் சுவிட்ச் அணைந்திருந்தாலும் இது நடக்கும், வண்டி சாவி இல்லாமல் வாசலில் நிற்கும்போதும் நடக்கும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதனால்தான் அது ஒயர் தொடங்கும் இடத்தில், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். ஒரு சாண் தூரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலான அந்தச் சிறு துண்டு மட்டுமே காவல் இல்லாத பகுதி என்பதால், அதற்கு மேல் ஒரு தனிக் குழாய் உறை போட்டுவிடுவது நல்லது. இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் பார்வைக்கு அழகாக ஃபியூஸைப் பொருத்தித் தரும் வேலையைப் பல வண்டிகளில் காணலாம். அதைப் பொருத்தியும் பயனில்லை, பொருத்தாமலும் நஷ்டமில்லை.

அளவைப் பொறுத்தவரை, தொடர்ந்து ஓடும் மின்னோட்டம் ஃபியூஸின் அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. 110 ஆம்பியரை 0.8 ஆல் வகுத்தால் 137 வருகிறது. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 150 ஆம்பியர். மெகா அல்லது ஏஎன்எல் எனப்படும், போல்ட் போட்டு இறுக்கும் வகையை மூடியுள்ள ஹோல்டரோடு வாங்குங்கள். கண்ணாடிக் குழாய் ஃபியூஸும், வீட்டு எம்சிபியும் (மிகை மின்னோட்டத்தில் தானாக விழும் சுவிட்ச்) இந்த இடத்துக்கு உரியவை அல்ல. வீட்டு எம்சிபி மாறுதிசை மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. அங்கே மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு கிடைக்கிறது. பேட்டரியின் நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது.

ஒயரின் தடிமனைத் தீர்மானிக்க இரண்டு கணக்குகள் உண்டு. இரண்டையும் பார்த்துப் பெரியதை எடுக்க வேண்டும். முதலாவது வோல்ட் இழப்பு. பேட்டரியிலிருந்து பின்பக்கம்வரை 3 மீட்டர் என்றால், போக வர 6 மீட்டர் ஒயர். 16 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 மில்லி ஓம்; 6 மீட்டருக்கு 7 மில்லி ஓமைத் தாண்டும். அதில் 110 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிட்டத்தட்ட 88 வாட் வெறும் சூடாக மாறும். 6 ஸ்கொயர் எம்எம் ஒயரில் இழப்பு 2 வோல்ட்டுக்கு மேல். பேட்டரி நன்றாக இருந்தும் மிக்ஸியைத் திருகியவுடன் இன்வெர்ட்டர் கீச்சிட்டு நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பாவம், பழி பேட்டரி மேல் விழுகிறது. 35 ஸ்கொயர் எம்எம் போட்டால் அதே தூரத்தில் இழப்பு 0.37 வோல்ட்டுக்குள் அடங்கும். 3 விழுக்காடு என்பதால் அது ஏற்கத்தக்கது.

இரண்டாவது கணக்கு, ஒயரின் தோல் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது. ஃபியூஸ் 150 ஆம்பியர் என்றால், அந்த 150 ஆம்பியரைத் தோல் உருகாமல் சுமக்கக்கூடிய ஒயராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபியூஸ் போவதற்கு முன் ஒயர் போய்விடும். 105 டிகிரி தாங்கும் தோலுள்ள வாகன ஒயர் கிடைத்தால் 35 ஸ்கொயர் எம்எம் போதும். வீட்டு வயரிங் கடையில் கிடைக்கும், 70 டிகிரி மட்டுமே தாங்கும் சாதாரண பிவிசி ஒயர்தான் கிடைக்கிறது என்றால் 50 ஸ்கொயர் எம்எம்முக்குப் போய்விடுங்கள். நம் ஊர் வெயிலில் வண்டியின் அடிப்பகுதியும் இன்ஜினைச் சுற்றியுள்ள இடமும் எவ்வளவு கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தூரம் ஒரு மீட்டர்தானே என்று மெல்லிய ஒயருக்கு இறங்குபவர்கள் முதல் கணக்கை மட்டும் பார்த்தவர்கள். தூரம் குறைந்தால் வோல்ட் இழப்பு குறையும். ஒயர் சூடாவது குறையாது.

கடையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கார் ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்கென்று பளபளப்பான தோலுடன் விற்கப்படும் மலிவான ஒயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே தடிமனில் அவற்றின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. லக் (ஒயர் முனையில் மாட்டி போல்ட்டில் இறுக்கும் உலோக வளையம்) போட்டு நசுக்கிய இடம் நாளடைவில் தளர்ந்தும் விடும். செம்பு இழைகளாலான வெல்டிங் கேபிள் விலையில் சற்றுக் கூடினாலும் வளைக்க எளிதாக இருக்கும். ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர், விட்டு விட்டுச் செய்யும் வெல்டிங் வேலைக்கான அளவு என்பதை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவு கணக்கும் சொன்ன பிறகு, என் பரிந்துரை வேறு. இன்வெர்ட்டரைப் பின்பக்கம் கொண்டுபோகாதீர்கள். பேட்டரிக்கு அருகில், அதிகம் போனால் ஒரு மீட்டருக்குள், மழைநீர் படாத ஓர் இடத்தில் அதைப் பொருத்திவிட்டு, 230 வோல்ட் பக்கத்தைப் பின்னால் கொண்டுபோங்கள். அங்கே ஓடப்போவது 4.3 ஆம்பியர்தான் என்பதால் 1.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் ரப்பர் கேபிள் தாராளம். தடித்த செம்புக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதியும் மிஞ்சும். பேட்டரிக்கு நேர் மேலேயோ அதே மூடிய பெட்டிக்குள்ளோ மட்டும் வைக்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும், இன்வெர்ட்டருக்குள் பொறி பறக்க இடமுண்டு. இன்ஜின் அருகே வைத்தால் சூட்டில் அதுவே அணைந்துவிடும்.

டிபன் வண்டி என்பதால் சிலிண்டரையும் நினைவில் கொள்ளுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். ஆகவே சிலிண்டர் இருக்கும் பகுதியின் தரை மட்டத்தில் இன்வெர்ட்டரோ, சுவிட்சோ, ஃபியூஸ் ஹோல்டரோ இருக்கக் கூடாது. இடையில் தடுப்பு இருக்க வேண்டும், சிலிண்டர் பக்கத்தின் அடியில் வாயு வெளியேறத் திறப்பும் வேண்டும்.

லக் போடும் வேலையில்தான் பெரும்பாலான வண்டிகள் கோட்டைவிடுகின்றன. கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக், சுத்தியலால் தட்டிய லக், ஒயரை முறுக்கி போல்ட்டில் சுற்றியது ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பார்க்க உறுதியாகவே தெரியும். அந்த இணைப்பில் வெறும் 5 மில்லி ஓம் மின்தடை இருந்தால்கூட, 100 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 50 வாட் சூடு உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்னை பேட்டரி முனையில் கட்டி வைத்ததற்கு ஒப்பு. ஒயரின் அளவுக்குச் சரியான தகரப்பூச்சுள்ள செம்பு லக்கை வாங்கி, அறுகோண டை உள்ள ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கருவி இல்லையென்றால், பேனல் போர்டு செய்யும் கடையில் ஒயரைக் கொடுத்தால் சில நிமிடங்களில் அழுத்தித் தருவார்கள். அதன் மேல், உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். ஈயம் மட்டும் வைத்து ஒட்டுவது வேண்டாம். சூடேறினால் ஈயம் இளகும், குலுங்கினால் ஈயம் முடியும் இடத்தில் இழைகள் முறியும்.

மைனஸ் ஒயரும் பிளஸ்ஸுக்குச் சமமான தடிமனில், பேட்டரிவரை தனியாக வர வேண்டும். பாடியில் எங்கோ ஒரு போல்ட்டில் மைனஸைக் கொடுப்பது விளக்குக்கும் ஹார்னுக்கும் சரி. பெயின்ட்டும் துருவும் உள்ள தகட்டின் வழியே நூறு ஆம்பியரை அனுப்புவது சரியல்ல. புதிய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே ஒரு சிறிய சென்சார் இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் மைனஸ் லக்கை முனையின் மேல் நேரடியாக வைக்காமல், சென்சாரைத் தாண்டி பாடியோடு சேரும் போல்ட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் எடுத்த மின்சாரம் வண்டியின் கணக்கில் வராது, சார்ஜிங்கும் குழம்பும். இன்வெர்ட்டரின் உலோக உறையில் இருக்கும் எர்த் திருகாணியிலிருந்து சேஸிக்கு ஒரு தனி ஒயர் கொடுங்கள். அதுவும் மெல்லியதாக இருக்கக் கூடாது. ஒயர்கள் தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும், துளையின் ஓரத்தில் பொருத்தும் ரப்பர் வளையமான கிராமெட் வேண்டும்.

இணைக்கும் வரிசை இதுதான். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு எல்லா வேலையையும் முடியுங்கள். ஃபியூஸை ஹோல்டரில் போடாதீர்கள். பிறகு மைனஸை மாட்டுங்கள். இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் காலியாக இருப்பதால், ஃபியூஸை நேரடியாகத் தொடுத்தால் படீரென்று ஒரு பொறி வரும். அதைத் தவிர்க்க, 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை ஃபியூஸ் ஹோல்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே சில நொடிகள் பிடியுங்கள். பல்பு ஒளிர்ந்து மங்கியதும் ஃபியூஸை வைத்து இறுக்கலாம். பல்பு மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள்.

பேட்டரி போதுமா என்பதற்கு வருகிறேன். மிக்ஸியும் விளக்குகளும் சேர்ந்து ஓடும்போது ஏறத்தாழ 75 ஆம்பியர் இழுக்கும். ஒரு மாலையில் மொத்தம் 20 நிமிடம் அரைத்தால் 25 ஆம்பியர்-மணி செலவாகும்; விளக்குகளுக்கும் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது இழுப்பதற்கும் அதற்கு மேல் ஆகும். 50 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பாதிக்கு மேல் காலி. இவ்வளவு வேகமாக இழுக்கும்போது ஈய அமிலப் பேட்டரி எழுதியிருக்கும் அளவு முழுவதையும் தராது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரவில் கடை கட்டும்போது செல்ஃப் எடுக்காமல் வண்டியைத் தள்ள வேண்டிவரும். இன்வெர்ட்டரே குறைந்த வோல்ட்டில் அணைந்துவிடுமே என்று நம்ப வேண்டாம். அது அணைவது 10 அல்லது 10.5 வோல்ட்டில், அப்போது பேட்டரியில் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஓய்வில் 12 வோல்ட் காட்டும் ஈய அமிலப் பேட்டரியே பாதிக்குக் கீழ் வந்துவிட்டது. செல்ஃபுக்கான பேட்டரியை இப்படி மீண்டும் மீண்டும் ஆழமாகக் காலி செய்தால் அதன் தகடுகள் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

இன்ஜினை ஓடவிட்டு அரைக்கலாம் என்றால், ஐடிலிங்கில் டைனமோ தன் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரில் ஒரு பகுதியைத்தான் கொடுக்கும்; மிச்சம் பேட்டரியிலிருந்துதான் போகும். வாடிக்கையாளர் சாப்பிடும் இடத்தில் புகையும் வரும். முறையான தீர்வு, இன்வெர்ட்டருக்கென்று 100 ஆம்பியர்-மணி அளவில் இரண்டாவது பேட்டரி ஒன்றைச் சேர்ப்பது. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் உயரமான டியூபுலர் பேட்டரி ஓடும் வண்டிக்கு ஏற்றதல்ல, ஆசிட் தளும்பும். சீல் செய்யப்பட்ட ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடியிழைப் பஞ்சில் உறிஞ்சி வைத்திருக்கும் ஈய அமிலப் பேட்டரி) அல்லது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை வையுங்கள். லித்தியம் என்றால் அதனுள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) எத்தனை ஆம்பியர் தரும் என்று கேட்டு வாங்க வேண்டும். 100 ஆம்பியர் பிஎம்எஸ், மிக்ஸி கிளம்பும் நொடியிலேயே மொத்தமாக அணைத்துவிடக்கூடும். இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே 20 அல்லது 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (முதல் பேட்டரி பக்கத்திலிருந்து எடுத்து இரண்டாவதைச் சரியான வோல்ட்டில் ஏற்றும் கருவி) ஒன்று போட்டால், ஓடும்போது இரண்டாவது பேட்டரி ஏறும், நிற்கும்போது முதல் பேட்டரி தொடப்படாமல் இருக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காக டைனமோவின் வோல்ட்டைத் தாமாகக் குறைக்கும் வண்டிகளில், இரண்டு பேட்டரிகளையும் நேரடியாகச் சேர்த்துவிடும் சாதாரண ரிலே சரிவராது. அங்கே டிசி-டிசி சார்ஜர்தான் வழி. இரண்டையும் இணைக்கும் ஒயருக்கு இரண்டு முனையிலும் தனித்தனி ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இப்போது ஷார்ட்டுக்கு மின்சாரம் இரு பக்கமிருந்தும் வரும்.

இதைப் படிக்கும் லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டி 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து இன்வெர்ட்டர் ஓட்டினால், ஒன்று எப்போதும் பட்டினியாகவும் மற்றது எப்போதும் மிகைச் சார்ஜிலும் கிடந்து இரண்டுமே கெடும். 24 வோல்ட் இன்வெர்ட்டரே வாங்குங்கள், ஆம்பியரும் பாதியாகும்.

230 வோல்ட் பக்கத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலிவான வாகன இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இரண்டு முனைகளில் எதுவும் எர்த்தோடு சேர்க்கப்பட்டிருக்காது. வீட்டில் இருப்பதுபோல் நியூட்ரல் என்று ஒன்று அங்கே கிடையாது. வீட்டைப் போலச் செய்கிறேன் என்று ஒரு முனையைச் சேஸியோடு இணைத்தால், அதற்கென்று வடிவமைக்கப்படாத இன்வெர்ட்டர் அந்தக் கணமே எரிந்துவிடலாம். கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டுமே செய்ய வேண்டும். ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுவிட்டேன், டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறது, ஆகவே பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. அந்தப் பொத்தான், கருவிக்குள்ளேயே இரு முனைகளுக்கிடையே ஒரு சிறு மின்னோட்டத்தைச் சுற்றிவிட்டுச் சோதிக்கிறது. எர்த் இணைப்பு இல்லாவிட்டாலும் அது விழும். உண்மையான கசிவின்போது விழ, நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த வசதியுள்ள, வீட்டு மின்சாரத்தைப் போலவே முழு சைன் அலை தரும் இன்வெர்ட்டராக இருந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். இல்லையென்றால், ஈரக் கையோடு மிக்ஸியைத் தொடாமல் இருப்பதும், தோல் வெடித்த ஒயரை அன்றே மாற்றுவதும்தான் உங்களிடம் உள்ள பாதுகாப்பு. திருவிழா மைதானத்தில் கரண்ட் லைன் கொடுத்தால், அதையும் இன்வெர்ட்டரையும் ஒரே சாக்கெட்டில் சேர்க்காதீர்கள். இரு முனைகளையும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாகத்தான் வர வேண்டும்.

மிக்ஸி கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும் என்பதால், நீங்கள் வாங்கிய 1000 வாட் என்பது தொடர்ந்து தரும் அளவா, ஒரு நொடி மட்டும் தரும் உச்ச அளவா என்று பெட்டியில் பாருங்கள். உச்ச அளவுதான் என்றால் இந்த மிக்ஸிக்கு அது போதாது. மாற்றிக்கொள்ள முடிந்தால் தொடர்ந்து 1500 வாட் தரும் ஒன்றை எடுங்கள். அப்படி எடுத்தால் ஃபியூஸ், ஒயர் கணக்கை 1500 வாட்டுக்கே மறுபடி போட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், மிக்ஸியை ஓடவிட்டபடி மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறுமுனையை அதன் மேலுள்ள லக்கிலும் வைத்துப் பாருங்கள். அதேபோல் ஃபியூஸின் இரு போல்ட்டுகளிலும், இன்வெர்ட்டர் முனைகளிலும் பாருங்கள். லக் இணைப்பு எதிலாவது 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அதை அவிழ்த்துச் சுத்தம் செய்து மீண்டும் இறுக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடிய பிறகு இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையால் தொட்டால், ஒயரைவிட லக் சூடாக இருக்கும் இடம் எது என்று தெரிந்துவிடும். முதல் வாரம் ஓடியபின் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை போதும்.